மெழுகிய தரையில் ஒரு அரையிறுதி

தண்ணீர்க் குழாயடியில் நின்று முழங்காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். சிமெண்டுத் தரை தோலை உரித்துவிட்டிருந்தது. நாங்கள் தோற்றுக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. தற்செயலாக நிமிர்ந்தபோது, எதிர்ச் சுவரில் சாய்த்திருந்த கரும்பலகை கண்ணில் பட்டது. எந்தக் கல்லூரி எதனோடு மோதும் என்று சாக்பீஸால் கோடு போட்டு எழுதியிருந்தார்கள். எங்கள் கல்லூரியின் மேல் அதற்குள் ஒரு குறுக்குக்கோடு விழுந்திருந்தது. பலகையின் அடியில் இருந்த கல்லூரிக்கு முதல் சுற்றில் எதிரியே இல்லை, நேராக அரையிறுதி. போட்டியை நடத்துகிற கல்லூரி அது.

கழுவுவதை நிறுத்திவிட்டேன். தண்ணீர் பாட்டுக்குக் காலில் ஓடிக்கொண்டிருந்தது.

கூடைப்பந்தில் பல்கலைக்கழகச் சாம்பியன்ஷிப்புக்குப் போவதற்கு எங்களுக்கெல்லாம் ஒரே வழிதான். முதலில் மண்டலப் போட்டி. எங்கள் மண்டலத்தில் ஆறு கல்லூரிகள். தோற்றால் அன்றைக்கே பஸ் ஏற வேண்டியதுதான். இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டால் போதும். அதில் ஜெயித்தவர்கள், தோற்றவர்கள் இரண்டு பேரும் திருச்சியில் நடக்கும் சாம்பியன்ஷிப்பில் ஆடலாம். போன வருடம் ஜெயித்த கல்லூரியும், போட்டியை நடத்தும் கல்லூரியும் முதல் சுற்று ஆட வேண்டாம் என்பது வழக்கம். அப்படியானால் நடத்துகிறவன் ஜெயிக்க வேண்டியது ஒரே ஒரு ஆட்டம். ஒன்றே ஒன்று. அரையிறுதி.

அரியலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் கேப்டன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாப்ளே, அடுத்த வருஷம் நம்ம ஊர்ல நடத்தணும்டா."

"எங்க, நம்ம கிரவுண்டுலயா? எருமைகூட அதுல பாத்துதான் கால வைக்கும்."

"அதான்டா விஷயமே."

எங்கள் ஆடுகளம் மண் தரை. செம்மண்ணும் சுக்கான் கல்லும் கலந்து மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். பந்தைத் தட்டினால் ஒரு தடவை இடுப்புவரை வரும், அடுத்த தடவை கணுக்காலோடு படுத்துக்கொள்ளும், மூன்றாவது தடவை பக்கத்து வயல் பார்த்து ஓடும். அதனால் நாங்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதே இல்லை. பிடிப்போம், எறிவோம், பிடிப்போம், எறிவோம். பாதிப் பேர் சடுகுடு ஆடி வளர்ந்தவர்கள். ஷூ இல்லை. வெறுங்கால். டவுன் கல்லூரிக்காரர்கள் சிமெண்டுத் தரையில் பந்தைக் கையோடு ஒட்டவைத்ததுபோலத் தட்டிக்கொண்டு எங்களைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். அவர்களை ஒரே ஒரு தடவை எங்கள் பள்ளத்தில் இறக்கிவிட்டால்?

கேப்டன் சிரித்தான். "கெட்டவன்டா நீ."

"யார்கிட்டயும் சொல்லாத. பி.டி. சாருக்குத் தெரிஞ்சா, மானம் போச்சுன்னு மண்வெட்டியைத் தூக்கிட்டு வந்துடுவாரு. அந்தக் கிரவுண்டுல ஒரு மண்வெட்டிகூடப் படக்கூடாது."

பிரின்சிபாலைச் சம்மதிக்கவைக்கப் பல மாதம் ஆனது. அவர் எங்கள் கூடைப்பந்துக் கம்பங்களைப் பார்க்கும் பார்வையே வேறு. கல்லூரிக்கு சைக்கிளில் வரும் பையன்கள் வண்டியை வெயிலில் போட்டுவிட்டு, மாலையில் பஞ்சரோடு தள்ளிக்கொண்டு போவார்கள். கம்பங்கள் நிற்கும் இடத்தில் ஒரு சைக்கிள் ஷெட் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"நடத்தலாம்ப்பா. நீ பேசறது நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா வருஷா வருஷம் மொத மேட்சுலயே திரும்பி வரீங்க. நம்ம ஊர்ல, நம்ம ஜனங்க முன்னாடி, அதையே பண்ணீங்கன்னா மறுநாளே கம்பத்தைப் பிடுங்கிட்டு சைக்கிள் ஷெட் போட்டுடுவேன். அப்புறம் யாரும் என்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

"ஜெயிப்போம் சார்," என்றேன். பக்கத்தில் நின்ற கேப்டன் என் காலை மிதித்தான். மிதித்த பிறகு நிறுத்திக்கொள்ளும் ஆள் நான் இல்லை. "திருச்சிக்குப் போவோம் சார்."

போட்டிக்கு முந்தைய வாரம் ஒரு சிக்கல் வந்தது. நடுவராக வர ஒப்புக்கொண்டிருந்த பெரம்பலூர்ப் பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியரிடமிருந்து தகவலே இல்லை. போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது நானே போனேன். போனால், அவர் பூலாம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். பூலாம்பாடிக்குப் பஸ் பிடித்தேன். பந்தலில் சாம்பார் வாளியோடு பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார்.

"வரேன்னா வரேன். அதுக்கு ஆளு வேற அனுப்புவீங்களா? உக்காரு, சாப்புடு," என்றார். இலை போட்டபிறகு கேட்டார்: "கிரவுண்டு எப்படி?"

"சுமாரா இருக்கும் சார்."

"சுமாருன்னா?"

"சுமாருதான் சார்."

அவருடனேயே தங்கி, மறுநாள் அவர் பள்ளிக்கூடத்து வேலையை முடித்தபின் சேர்ந்தே கிளம்பினோம். அரியலூரில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கல்லூரி கேட்டுக்குள் நுழைந்தபோதே எனக்குச் சாண வாசம் அடித்தது.

ஆடுகளம் கண்ணாடிபோல இருந்தது.

ஒரு பள்ளம் இல்லை. ஒரு கல் இல்லை. ஏரி வண்டலைக் கொட்டிப் பரப்பி, கட்டையால் இடித்து இறுக்கி, மேலே சாணம் கரைத்து மெழுகியிருந்தார்கள். அறுவடைக்குப் போட்ட களம் மாதிரி, ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம்வரை ஒரே மட்டமாக. மேலே சுண்ணாம்புக் கோடுகள், நூல் பிடித்தாற்போல. ஓரத்தில் ஏழெட்டு ஆண்களும் பெண்களும் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். நடுவில் எங்கள் அணியின் சென்டர் ஆட்டக்காரன், ஆறடிக்கு மேல் வளர்ந்த பையன், முட்டிவரை சேற்றோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

நடுவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதுதான் சுமாரா?"

சென்டருடைய ஊர் ஜெயங்கொண்டம் சாலையில் இருக்கிறது. அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி வேலை. அந்தப் பக்கத்தில் யார் வயலில் களம் போட்டாலும் அவன் சொந்தக்காரர்கள்தான் போய்ச் செய்வார்கள். பி.டி. சார் அவனிடம், "வெளியூர்லேருந்து வராங்கப்பா, கிரவுண்டைக் கொஞ்சம் பாத்துக்க" என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். அவன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். கதை முடிந்தது.

அவனுடைய அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எப்பிடி தம்பி இருக்கு? நடந்து பாருங்க. ஒரு கல்லு கால்ல குத்துனா சொல்லுங்க, இப்பவே எடுத்துடலாம்."

நடந்தேன். ஒரு கல்கூடக் குத்தவில்லை.

"ரொம்ப நல்லாருக்குங்க," என்றேன். வேறு என்ன சொல்வது?

கேப்டனைத் தேடிப்பிடித்தேன். பந்து வைக்கும் அறைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னைப் பாக்காத," என்றான். "நேத்து கிளாஸ் முடிஞ்சு வரேன், மாட்டு வண்டியில ஏரி மண்ணு வந்து எறங்குது. சென்டரோட அம்மா சாணி கரைச்சிட்டு இருக்காங்க. வேணாம்னு எப்பிடிடா சொல்றது? 'வெளியூர்ப் புள்ளைங்க பள்ளத்துல விழுவட்டும், விட்டுருங்கம்மா'ன்னா?"

"தண்ணி ஊத்திக் குழப்பிடலாமா?"

"நீ போய் ஊத்து. அந்த அம்மா மூஞ்சியைப் பாத்துட்டு ஊத்து."

நான் போய்ப் பார்த்தேன். அந்த அம்மா, கோட்டின்மேல் போய்க்கொண்டிருந்த ஒரு ஆட்டுக்குட்டியைக் கையால் தூக்கி வெளியே விட்டுக்கொண்டிருந்தாள். பேசாமல் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். என் ஊரான ஜெயங்கொண்டம் வரும்வரை ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டே வந்தேன்.

அரையிறுதி மறுநாள் பிற்பகல். காலையில் முதல் சுற்று முடிந்து எங்களுக்கு எதிராக வந்தது தஞ்சாவூர்ப் பக்கத்து டவுன் கல்லூரி ஒன்று. எல்லோர் காலிலும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. அவர்களில் ஒரு இடதுகைக்காரன் இருந்தான். குட்டையான ஆள், பந்து அவன் சொன்னபடி கேட்டது. ஆட்டத்துக்கு முன் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தவன் புருவத்தை உயர்த்தினான்.

"அட, மண்ணு கிரவுண்டுன்னு பயமுறுத்துனாங்க. எங்க சிமெண்டை விட ஜம்முனு இருக்கே!" என்றான் என்னைப் பார்த்து. "ரொம்ப தேங்க்ஸ்ப்பா."

நான் ஷூ இல்லாத என் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊரே வந்திருந்தது. பிரின்சிபால் முன் வரிசையில் மர நாற்காலியில். அவருக்குப் பின்னால் மாணவர்கள். எதிர்ப்புறம் தரையில் சென்டருடைய சொந்தக்காரர்கள், தாங்கள் செய்த களத்தின் விளிம்பில் கால் படாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் பாதியை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பந்து ஒவ்வொரு தட்டுக்கும் நேராக இடதுகைக்காரன் கைக்கு எழும்பியது. இடது பக்கம் போவதுபோல் காட்டி வலது பக்கம் போனான். நான் அவனுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு, கோழி பிடிக்கிறவன் மாதிரி அலைந்தேன். நாங்கள் எறிந்த பந்துகளை அவர்கள் வழியிலேயே பறித்தார்கள். இடைவேளைக்கு விசில் ஊதியபோது பதினான்கு புள்ளி பின்னால் இருந்தோம். பின்னால் ஒரு குரல் சத்தமாகக் கேட்டது: "ஷெட்டுக்குத் தகரம் வாங்கியாச்சாடா?" பிரின்சிபால் திரும்பவில்லை. கம்பத்தைத்தான் பார்த்தார்.

நாங்கள் ஓரத்தில் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். இத்தனை கால்கள் மிதித்ததில் மெழுகின சாணம் பொடியாகிப் புழுதி கிளம்பியிருந்தது. நிமிர்ந்தால், சென்டருடைய அம்மாவும் இன்னும் நாலு பெண்களும் குடத்தோடு களத்துக்குள் இறங்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எழுந்து ஓடினேன். "அம்மா, வேணாம்மா! வழுக்கும்மா! நாங்க விழுந்துருவோம்!"

"சும்மா இரு கண்ணு. புழுதி புள்ளைங்க மூஞ்சியில அடிக்குதுல்ல?" அவள் கை நிற்கவில்லை. வாசல் தெளிக்கிற லாகவத்தில் கடைசிக் கைத் தண்ணீரையும் வீசிவிட்டுக் குடத்தைக் கவிழ்த்தாள்.

வந்திருந்த அணியின் கோச் நடுவரிடம் ஓடினார். "என்ன சார் இது, அநியாயமா இருக்கு! ஆட்டத்துக்கு நடுவுல தண்ணி ஊத்தறாங்க!"

நடுவர் களத்துக்குள் போனார். நடந்தார். ஒரு இடத்தில் ஷூ நுனியால் அழுத்திப் பார்த்தார். ஆட்டத்தையே நிறுத்தி அவர்களுக்குக் கொடுத்துவிட்டால்?

"கொஞ்சம் காயட்டும். அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆடலாம்," என்றார் கடைசியில். "ரெண்டு பேருக்கும் ஒரே தரைதான் சார்."

ஐந்து நிமிடத்தில் முழுக்கக் காயவில்லை. இரண்டாம் பாதியின் முதல் பந்தையே இடதுகைக்காரன் வாங்கினான், என்னை ஏமாற்றத் திரும்பினான், ஷூ வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டான். பந்து என் கையில். எங்கள் வெறுங்கால் விரல்கள் ஈர மண்ணைக் கவ்விப் பிடித்துக்கொண்டன. வரப்பிலும் சேற்றிலும் நடந்த கால்கள். எங்களில் ஒருவன்கூட விழவில்லை.

"ஏய் வெள்ளை ஷூ! நடவுக்கு வரியா, ஆளு கொறையுது!" என்று தரையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் கத்தினார். கூட்டம் வெடித்துச் சிரித்தது.

பதினான்கு, பத்தானது. ஆறானது. அவர்களுடைய கோச் ஏதோ சைகை காட்ட, ஐந்து பேரும் ஷூவைக் கழற்றி வெளியே எறிந்தார்கள். அப்போதும் சரியாக வரவில்லை. கூடைக்கு அடியில் நாங்கள் எல்லோரும் குதித்துக் குதித்து மெழுகு பெயர்ந்து, பழைய சுக்கான் கல் ஒன்றிரண்டு தலைகாட்டியிருந்தது. அதில் கால் வைத்த அவர்களுடைய உயரமான ஆள், "அம்மா!" என்று ஒற்றைக் காலில் நொண்டினான்.

ஆனால் அரியலூர் வெயில் யாருக்கும் சொந்தமில்லை. காற்றும் சேர்ந்து அடித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் திட்டுத் திட்டாக வெளுத்து, தரை திரும்பவும் இறுகியது. இடதுகைக்காரன் மீண்டும் எழும்பினான். நாங்கள் ஒரு கூடை போட்டால் அவன் ஒன்று போட்டான். எங்கள் சென்டருக்கு நான்கு ஃபவுல். இன்னும் ஒன்று விழுந்தால் வெளியே. அவன் கூடைக்கு அடியில் கையைத் தூக்கவே பயந்து நின்றான். அவனுடைய அப்பா எழுந்து நின்றுவிட்டார். யாரோ அவரை உட்காரச் சொல்லி வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள்.

ஆறு புள்ளி தட்டுத்தடுமாறி ஒன்றாகக் குறைந்திருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு கையை மேலே தூக்கினார். கடைசிச் சில விநாடிகள்.

கேப்டன் பந்தை எனக்கு எறிந்தான். நான் பிடித்தேன். பழக்கத்தில் எறிய ஆளைத் தேடினேன். எல்லோரையும் அவர்கள் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். இடதுகைக்காரன் எனக்கு முன்னால் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு, "எறி பாக்கலாம், எறி எறி," என்றான். தலைக்கு மேலே வழியில்லை. வழி கீழே இருந்தது; அவனுடைய காலுக்கும் அவன் கூட்டாளியின் காலுக்கும் இடையில் சாணம் மெழுகிய தரை ஒரு பட்டையாகத் தெரிந்தது. அதற்கு அப்பால், கூடைக்கு அடியில், சென்டர்.

எங்கள் பழைய தரையில் அப்படி ஒரு பந்தை யாரும் போட்டதில்லை. தரையில் அடித்த பந்து எங்கே எழும்பும் என்று எங்களுக்குத் தெரிந்ததே இல்லை. முன்னால் குனிந்து, பந்தைத் தரையில் ஓங்கி அடித்தேன்.

நேராக எழும்பியது. சென்டருடைய நெஞ்சுக்கு, இரண்டு கைக்குள்ளே, வைத்ததுபோல. சென்டர் ஒரு கணம் அதிர்ந்து போனான். பிறகு திரும்பி, கையைத் தூக்கப் பயந்தவன், தூக்கினான். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. அவர்கள் பந்தை எடுத்து உள்ளே எறிந்து முடிப்பதற்குள் விசில்.

அதன்பிறகு யார் என்னைத் தூக்கினார்கள், யார் கீழே போட்டார்கள் என்று தெரியாது. கேப்டன் அழுதுகொண்டே கெட்ட வார்த்தையில் திட்டினான். சென்டருடைய அம்மா மட்டும், களத்துக்குள் செருப்போடு பாய்ந்த மாணவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள்: "செருப்பக் கழட்டுங்கப்பா! நாளைக்கு இன்னொண்ணு ஆடணும்ல!"

பிரின்சிபால் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். என்னிடம் வந்து, "சைக்கிளை லைப்ரரிப் பக்கம் விட்டுக்கலாம்," என்றார். அவ்வளவுதான்.

குழாயடியில் இடதுகைக்காரன் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். குதிகாலில் ரத்தம். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவன் நிமிர்ந்தான்.

"அந்தக் கடைசி பாஸ் நல்ல பாஸ்," என்றான். "ஆனா தம்பி, திருச்சியில சிமெண்டு. அங்க யாரும் தண்ணி தெளிக்க மாட்டாங்க. ஷூ போட்டுக்க, தட்டக் கத்துக்க. இல்லன்னா கிழிச்சுருவாங்க."

கோபம் வரவில்லை. உண்மை என்று பட்டது, அதுதான் கோபத்தைவிடச் சுட்டது.

மறுநாள் இறுதி ஆட்டத்தில் அவன் சொன்னதை வேறொரு கல்லூரி எங்களுக்கு நடத்திக் காட்டியது. அந்தத் தோல்வியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தோற்றாலும் திருச்சிக்கு உண்டு என்பதால் ஊர் மேளம் அடித்தது. எனக்கு மட்டும் அடிபட்டவன் மாதிரி இருந்தது. சாம்பியன்ஷிப்புக்கு மூன்று வாரம் இருந்தது. அரியலூரில் எங்கே இருக்கிறது சிமெண்டுத் தரை?

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது எதிரே ரைஸ் மில்லின் கேட் திறந்திருந்தது. உள்ளே, அவித்த நெல்லைக் காயப்போடும் களம். முழுக்க சிமெண்டு. எங்கள் ஆடுகளத்தைவிடப் பெரியது.

கேப்டனையும் சென்டரையும் இழுத்துக்கொண்டு மில் முதலாளியிடம் போனேன். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"நேத்து ஆட்டம் பாத்தேன். தண்ணி தெளிச்சு ஜெயிச்ச பயலுவ நீங்கதானே?"

"பாஸ் போட்டு ஜெயிச்சோங்க," என்றான் சென்டர். அவன் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

முதலாளி சிரித்தார். "சரி சரி. விடிஞ்சதும் வாங்க. நெல்லுக் கொட்ற வரைக்கும் ஆடிக்கங்க. ஒரு நெல்லுல கால் பட்டுச்சுன்னா அன்னைக்கோட சரி."

மறுநாள் மூன்று பேரும் போனபோது நெல் அவிக்கும் புகை களத்தின்மேல் படிந்திருந்தது. ஜெயங்கொண்டத்துக் கடையில் வாங்கிய புது ஷூ என் காலில் கடித்தது. ஒரு மூலையில் நெல்லோடு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, இடது கையால் மட்டும், பந்தைப் பார்க்காமல் தட்டிக்கொண்டு போக வேண்டும். திருச்சிக்கு முன்னால் அதை ஒரு தடவையாவது தவறாமல் செய்துவிட வேண்டும்.

"கீழ பாக்காத," என்றான் கேப்டன். "என்னைப் பாரு."

பந்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.